பாட்டி இறந்தது அப்பாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?

ஊரப்பாக்கத்தில் அப்பா கட்டிய வீட்டை விற்க நான் முதல் புரோக்கரிடம் பேசியது 2024 ஜனவரியில். பத்திரம் பதிந்தது 2025 ஜூலையில். போன வாரம் ஆபீஸில் ஒரு பெண், “அக்கா, எங்க மாமனார் வீட்டை விக்கப் போறோம், ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்ல?” என்று கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அடிவயிற்றைக் கலக்கியது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இறங்கினேன். அவளுக்கு டீ குடிக்கும் நேரத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

வீடு பெரியது. ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடி. 1991-ல் அப்பா மனை வாங்கினார், 1994-ல் கீழ்த்தளம் கட்டினார், 2006-ல் தம்பி கல்யாணத்துக்கு முன்னால் மாடி எடுத்தார். சிவப்பு ஆக்சைடு தரை, ஹாலில் ஊஞ்சல் கொக்கி, பின்னால் கிணறு. 2022 பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். தம்பி கனடாவில். அம்மாவால் அத்தனை பெரிய வீட்டைப் பெருக்கக்கூட முடியவில்லை. என் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பூட்டிய வீட்டுக்கு மாதம் இரண்டு முறை போய் மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டு, கரையானைத் தேடிவிட்டு வருவேன். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் புரோக்கர் போன்கள் ஆரம்பித்தன. விசாலமான வீடு, வேகமா வளர்ற ஏரியா, இப்ப விட்டா இந்த ரேட் வராது மேடம், என்று ஒவ்வொருவரும் ஒரே பாட்டு. தம்பியும் “நீயே பாத்து முடிச்சிடுக்கா” என்றான். பார்த்தேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நம் கண்ணுக்குத் தெரியும் வீடு வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று ரோடு எத்தனை அடி, மனை எந்தப் பக்கம் பார்க்கிறது, 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். (வந்தது, கணுக்கால் அளவு. அதை மறைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.) பின்னாளில் பாங்கிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “30 வருஷ பில்டிங், மாடிக்கு பிளான் இல்லை. நிலத்துக்குத்தான் மேடம் விலை, பில்டிங்குக்குப் பெருசா ஒண்ணும் போட முடியாது” என்றார். அம்மா அப்போது பின்னாலேயே நின்றிருந்தாள். தேக்குக் கதவுக்கு அப்பா எண்ணெய் தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஞாபகம் வந்தன, அம்மாவுக்கு என்ன வந்ததோ தெரியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மதிப்பீட்டுக்கு ஆள் வரும் நாளில் அவர்களைக் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள்.

என் முதல் பெரிய தப்பு, காகிதங்களைப் பார்க்காமல் விலை பேசியது. அப்பாவின் காகிதங்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. 1991 கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரத்தின் நகல், வருடா வருடம் கட்டிய வீட்டு வரி ரசீதுகள். வரி ரசீது அப்பா பெயரில் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, இதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டேன். ஆன்லைனில் பட்டா எடுத்துப் பார்த்தபோது அதில் அப்பா பெயரே இல்லை. லேஅவுட் போட்டவர்களின் குடும்பப் பெரியவர் பெயர்தான் இன்னும் இருந்தது. 33 வருடமாக எங்கள் கையில் இருந்த மனை, வருவாய்த் துறைக் கணக்கில் ஒரு பெரிய புல எண்ணின் நடுவில் பெயரில்லாத துண்டு. பட்டா என்பது உரிமைப் பத்திரம் இல்லை, அது வருவாய்க் கணக்கு மட்டும்தான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கடன் கொடுக்கும் பாங்கிடம் அந்த வியாக்கியானம் செல்லாது, பட்டா கேட்பார்கள். உட்பிரிவு செய்து பட்டா மாற்ற மனுப் போட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் போட்ட மனு, ஒருமுறை திரும்பி வந்து, 2025 ஜனவரியில்தான் புதிய உட்பிரிவு எண்ணோடு பட்டாவாக வந்தது. இதைச் செய்ய வீட்டை விற்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அப்பா, அம்மா உயிரோடு இருக்கும்போதே, சும்மா இருக்கும் ஒரு சனிக்கிழமையில் உங்கள் வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மனை பஞ்சாயத்து அப்ரூவல், அதாவது நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் இல்லாதது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் எல்லாமே அப்படித்தான். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டு, 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். “நாம என்ன விக்கவா போறோம்” என்றார். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே பதிவான மனை என்பதால் எங்களுக்குப் பதிவில் சிக்கல் வரவில்லை. சிக்கல் கடனில் வந்தது. நான் பேசிய நாலு பாங்குகளில் மூன்று, வரன்முறை ஆணை இல்லை என்றதும் அடுத்த கேள்வியே கேட்கவில்லை. கடன் கிடைக்காத வீட்டை வாங்க இரண்டே வகை ஆட்கள்தான் வருவார்கள்: நிஜமாகவே கையில் காசு உள்ளவர், அல்லது நம் அவசரத்தை மோப்பம் பிடித்தவர்.

எனக்கு வாய்த்தவர் இரண்டாம் வகை. 2024 பிப்ரவரியில் ஒரு ரிடையர்டு தம்பதி 1.55 கோடிக்குக் கேட்டார்கள். கொஞ்சம் யோசிக்கிறேன் என்றேன். அந்த இடைவெளியில் புரோக்கர் இன்னொருவரைக் கூட்டி வந்தார், 1.60 கோடி. பேராசைதான், ஒத்துக்கொள்கிறேன். அவர் 5 லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதத் தவணை என்றார். அதில் 2 லட்சத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கவரை நீட்டினார், நான் வாங்கவில்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஏப்ரலில் அம்மாவும் நானும் போய்க் கையெழுத்துப் போட்டுப் பதிந்தோம். தம்பியின் பவர் (அவனுக்காக இங்கே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) பிறகு வந்தால் போதும் என்றார் பத்திரம் எழுதியவர். வாரிசுச் சான்றில் பாட்டி பெயரைப் பார்த்துவிட்டு, “அவங்க தவறிட்டாங்கல்ல, டெத் சர்டிபிகேட் வைங்க, போதும்” என்றார். பிறகு இந்த வாக்கியத்துக்கே திரும்பி வருகிறேன்.

ஜூலையில் தவணை முடிந்தது. ஆள் வரவில்லை. ஆனால் அதற்கு முன்பே, முன்பின் தெரியாதவர்கள் வீட்டைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடமே விலை சொன்னார், 1.80. அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, இன்னொருவருக்குக் கைமாற்றி விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆள் கிடைக்கவில்லை என்றதும் “பட்டா இல்லை, பிளான் இல்லை, 1.30-க்குத்தான் எடுக்க முடியும்” என்றார். தவணை தாண்டிவிட்டது, ஒப்பந்தம் தானாக ரத்து என்று நம் பத்திரத்திலேயே ஒரு வரி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அந்த வரி கோர்ட்டில் உதவலாம். வில்லங்கச் சான்றில் உதவாது. புதிதாக வருபவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்த ஒப்பந்தம் அங்கே உட்கார்ந்திருக்கும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் பதிந்தால்தான் அடுத்தவர் பேச்சுக்கே வருவார். அவர் கையெழுத்துப் போட வருவதற்கு ஒரு விலை வைத்தார்.

ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அது. வக்கீல் நோட்டீஸ், பதில் நோட்டீஸ், புரோக்கர் போனை எடுக்காமல் இருப்பது, எடுத்தால் “நான் ரெண்டு பக்கமும் பேசிட்டுதாங்க்கா இருக்கேன்” என்பது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போடுவேன். தம்பியிடம் சொன்னால் “போலீஸ்ல குடுக்கா” என்பான். அவனுக்கு அங்கே மத்தியானம். கடைசியில் அட்வான்ஸ் 5 லட்சத்தோடு மேலே 1.25 லட்சம் கொடுத்து ரத்துப் பத்திரம் வாங்கினேன். கேஸ் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன் என்று வக்கீல் சொன்னார். எத்தனை வருடத்தில் என்று கேட்டேன், சிரித்தார். ஆகவே ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு: அட்வான்ஸ் தொகை சின்னதாக இருந்தால் ஆசையாக இருக்கும், ஆனால் கொடுத்தவருக்கு இழக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். விலையில் பத்து சதவீதமாவது கையை விட்டுப் போனவர்தான் திரும்பி வருவார். வாங்கப் போகிறவர் பெயரையே ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். “அல்லது அவர் காட்டும் நபருக்கு” என்ற சொற்கள் இருந்தால் அங்கேயே பேனாவை மூடிவிடுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது ஆறாவது பத்தியில் இருந்தது. நான் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்தேன், வழக்கமான வாசகம் என்று தாண்டிப் போனேன்.

2025 பிப்ரவரியில் இரண்டாவதாக ஒரு தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் கூட வைத்துக்கொள்ளப் பெரிய வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். முதல்முறையாக ஒருவர் ஊஞ்சல் கொக்கியை அண்ணாந்து பார்த்து, “பலகை இருக்கா ஆன்ட்டி?” என்று அம்மாவிடம் கேட்டார். 1.44 கோடிக்கு முடித்தோம். கீழ்த்தள பிளானையும் புதுப் பட்டாவையும் வைத்துக் கடன் தர ஒரு பாங்க் சம்மதித்தது. எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தபோதுதான் அந்த பாங்கின் வக்கீல் என்னை வரச் சொன்னார்.

மார்ச் மாதம், மின்விசிறி கடகடவென்று ஓடும் சின்ன அறை. அவர் அப்பாவின் வாரிசுச் சான்றை மேஜையில் வைத்து நாலாவது வரியில் பென்சிலை வைத்தார். தாய் என்று போட்டு, பாட்டியின் பெயர். “பாட்டி இருக்காங்களாம்மா?” இல்லை சார், தவறிட்டாங்க. “எப்போ? அப்பாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?” 2022 செப்டம்பர் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?” என்றார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. எல்லோருக்கும் சமப் பங்கு. ஆக, அப்பா போன அன்று வீடு நாலாகப் பிரிந்துவிட்டது: அம்மா, நான், தம்பி, பாட்டி. ஏழு மாதம் கழித்துப் பாட்டி போனபோது அவருடைய கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போயிற்று: அத்தை ஒரு பாகம், சித்தப்பா ஒரு பாகம், இறந்துபோன அப்பாவின் பாகம் எனக்கும் தம்பிக்கும். பாட்டி அப்பாவுக்கு முன்னால் போயிருந்தால் இதில் ஒன்றும் இல்லை. வெறும் தேதி வித்தியாசம். 1.44 கோடியில் அத்தைக்கு 12 லட்சம், சித்தப்பாவுக்கு 12 லட்சம், அம்மாவுக்கு 36, எனக்கும் தம்பிக்கும் தலா 42. முதல் ஒப்பந்தத்தில் நானும் அம்மாவும் மட்டும் கையெழுத்துப் போட்டு மொத்த வீட்டையும் விற்பதாக எழுதிக் கொடுத்திருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

சித்தப்பாவோடு எங்களுக்கு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. நான்தான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சித்தி உள்ளே போய்விட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏம்மா, இது எனக்கு முன்னாடியே தெரியும். நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன்” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், முழுக்கக் கோபத்தில். அந்த வீட்டுக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்காதவருக்கு 12 லட்சமா என்று. இரண்டு மூன்று வாரம் அந்தக் கோபம் இருந்தது. பிறகு பாட்டியைக் கடைசி ஐந்து மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்தது அவர்கள் வீட்டில்தான் என்பதை நானே எனக்கு ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தை தனக்கு எதுவும் வேண்டாம் என்றார். சும்மா கையெழுத்துப் போட வேண்டாம், பங்கு வாங்கிக்கொண்டே போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். பின்னால் அவர் பிள்ளைகள் கேட்டால் யாருக்கும் நல்லதில்லை. எல்லோரும் விற்பவர்களாகவே பத்திரத்தில் வந்தார்கள். அவர்களுக்கும் மூலதன ஆதாய வரி உண்டு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் இன்னொரு ஆறு வருடச் சண்டை.

தம்பியின் கதை தனி. அவன் பவர் பத்திரத்தைக் கனடாவில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினான். அது இங்கே வந்து சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். முதல் பவரை 2024-லேயே அனுப்பிவிட்டான். அதில் பழைய புல எண். பட்டா உட்பிரிவு ஆனதும் எண் மாறிவிட்டதால், பாங்க் வக்கீல் ஏற்கவில்லை. மறுபடி எழுதி, மறுபடி அவன் லீவு போட்டு, மறுபடி கூரியர். இரண்டு முறைக்கும் சேர்த்து 22,000 ரூபாய் ஆயிற்று. பட்டா கைக்கு வந்த பிறகுதான் பவர் எழுத வேண்டும் என்பது இப்போது யோசித்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் விஷயம்.

அடுத்து வரிப் பிடித்தம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். 2024 அக்டோபரிலிருந்து தனித்தனிப் பங்கைப் பார்க்காமல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள், அதனால் 12 லட்சம் வாங்கும் அத்தைக்கும் பிடித்தம் உண்டு. தம்பியைத் தவிர்த்து விற்பவர் நாலு பேர், வாங்குபவர் இரண்டு பேர், ஆக எட்டுப் படிவம். தம்பி வெளிநாட்டுவாசி என்பதால் அவனுக்கு இந்த 1 சதவீதமும் இல்லை, 50 லட்சம் வரம்பும் இல்லை. எங்கள் பதிவின்போது இருந்த விதிப்படி அவன் பங்கு 42 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 5.46 லட்சம். போதாக்குறைக்கு வாங்குபவர்கள் இருவரும் இதற்காகவே டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் போனில், “இது எங்க தலைவலியா அக்கா?” என்று கேட்டபோது வியாபாரம் முறிந்தது என்றே நினைத்தேன். டான் எடுக்கும் செலவையும் அவர்களுடைய ஆடிட்டர் ஃபீஸையும் நான் ஏற்றுக்கொண்டேன். குறைந்த பிடித்தத்துக்கான சான்று கேட்டுத் தம்பி 13-ஆம் படிவம் போட்டான். ஏழு வாரம் ஆயிற்று. 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பைக் கொள்முதல் விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் குறைந்தது, 60,000 சொச்சம். இந்தியாவில் வசிக்கும் எங்களுக்குப் பணவீக்கக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழியும் தேர்ந்தெடுக்க இருக்கிறது. அவனுக்கு அது இல்லை. “இதுக்காக்கா ஏழு வாரம் நின்னோம்?” என்றான். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் பங்குதாரர் இருந்தால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் போய், அந்தச் சான்றால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆளுக்குத் தண்டமாகக் கொடுத்தது 1.25 லட்சம், வக்கீலுக்கு 40,000, பவருக்கு 22,000. நான் தட்டிக்கழித்த 1.55 கோடிக்கும் கிடைத்த 1.44 கோடிக்கும் இடையே 11 லட்சம். ஆபீஸில் 41 நாள் லீவு, அதில் 12 நாள் சம்பளமில்லாதது. புரோக்கர் கமிஷனை நான் இதில் சேர்க்கவில்லை. முதல் புரோக்கர் பதிவன்று எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து தன் பங்கைக் கேட்டு நின்றார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பதிவன்று அம்மாவின் கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவில்லை. ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்த விரல். துடைத்துவிட்டு வை, அழுத்தி வை, அடுத்த விரலை வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சித்தப்பா எழுந்து வந்து, “தலையில தேய்ச்சிட்டு வைங்க அண்ணி, எண்ணெப் பசை பிடிச்சுக்கும்” என்றார். ஆறு வருடத்தில் அவர் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. அம்மா வகிட்டில் விரலைத் தேய்த்து வைத்தாள். விழுந்தது.

வீட்டு வரியைப் பெயர் மாற்றியாயிற்று. கரண்ட் கனெக்‌ஷனை மாற்ற மட்டும் அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. நான் பதிவன்றே அதற்கான கடிதத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் எஸ்எம்எஸ் என் போனுக்குத்தான் வருகிறது. போன தடவை 4,870 ரூபாய். ஏசி போட்டிருக்கிறார்கள் போல.